புள்ளி விழுந்த புத்தகம்: வேர்ட்பிரஸ்ஸோடு பத்து வருஷம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். அவன் தங்கை ஒரு சின்ன நர்சரிப் பள்ளி நடத்துகிறாள். அதற்கு வெப்சைட் வேண்டுமாம். "வேர்ட்பிரஸ் போடலாமாடா? நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே" என்றான்.

கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் தளம் படுத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி தூங்காமல் அதை எழுப்பி நிறுத்திய மறுநாள் அது. "வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பத்து வருஷம் சோறு போட்ட வீட்டைப் பற்றி ஒரே வார்த்தையில் பேசலாமா? அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுக்கத் தணியவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேர்ட்பிரஸ் என்றால் என்ன என்று நீட்டி விளக்கப் போவதில்லை. வெப்சைட் அமைத்து, அதில் எழுதி வெளியிட உதவும் மென்பொருள். 2003 மே மாதம் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், கவனிப்பாரற்றுப் போன பி2 என்ற மென்பொருளின் மூலநிரலை எடுத்து வளர்த்தது. ஜிபிஎல் உரிமம் என்பதால் யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம். இதைத்தான் திறமூலம் என்கிறார்கள். இன்றைக்குப் பத்துத் தளங்களில் நாலு இதில்தான் ஓடுகின்றன. "ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம்" என்பது அவர்களுடைய பழைய பெருமை. 2015ல் எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. அதில் முக்கால்வாசி நேரம் தரவுத்தளக் கடவுச்சொல்லை நானே தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன், அதை அவர்கள் கணக்கில் எழுத முடியாது.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

தளம் தொடங்கிய புதிதில் "நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தவர்களுக்கு நன்றி" என்று ஓர் அறிவிப்புப் போட்டேன். வெளியிட்டபின் பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பார்த்தால், தளத்தின் பெயருக்குப் பின்னால் "நூலகத்துக்குப்-புத்தகம்" என்று மட்டும் நிற்கிறது. கொடுத்தவர்களையும் காணோம், நன்றியையும் காணோம். சரி, முகவரி சுருக்கமாக இருப்பதும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து "நூலகத்துக்குப் புத்தகம் தேவை" என்று இன்னோர் அறிவிப்பு. அதற்குக் கிடைத்த முகவரி: "நூலகத்துக்குப்-புத்தகம-2".

மறுநாள் எங்கள் வட்டத்தின் செயலாளர் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "தம்பி, மகர ஒற்றை யார் தின்றது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "புத்தகம என்று போட்டிருக்கிறீர்களே, புள்ளி எங்கே?"

அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் இதுதான். இணைய முகவரி என்பது அடிப்படையில் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சில குறிகளுக்கும் மட்டும் இடம் கொடுக்கும் சங்கதி. தமிழை அதில் நுழைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குறியீட்டையும் பைட் என்ற மூன்று சின்னத் துண்டாக உடைத்து, ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் அதன் பின்னால் இரண்டு எழுத்துமாக எழுத வேண்டும். அதாவது ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம். இதிலும் "கு" என்பது கணினிக்கு ஒரு எழுத்து இல்லை. ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 18 இடம். புள்ளி வைத்த மெய்க்கும் அதே 18. வேர்ட்பிரஸ் முகவரியின் கடைசித் துண்டுக்கு, அதைத்தான் ஸ்லக் என்கிறார்கள், தரவுத்தளத்தில் ஒதுக்கியிருக்கும் இடம் மொத்தம் 200. அதில் தமிழை உடைத்த வடிவத்திலேயே சேமித்து வைக்கிறது. வகுத்துப் பாருங்கள், 22 குறியீட்டோடு கதை முடிந்தது.

"நூலகத்துக்குப்" என்பதற்கு 14 குறியீடு, "புத்தகம்" என்பதற்கு 8. நடுவில் ஒரு சிறுகோடு. 199 இடம் போய்விட்டது. அடுத்த சொல்லுக்கு வழியில்லை. இரண்டாவது அறிவிப்புக்கும் அதே துண்டுதான் மிஞ்சியது. ஒரே முகவரி இரண்டு பதிவுக்கு இருக்கக் கூடாது என்பதால் கடைசியில் "-2" சேர்க்கப் பார்த்தது. 199ம் 2ம் 201. ஓர் இடம் உதைக்கிறது. கடைசியிலிருந்து ஒரு குறியீட்டைப் பிடுங்கியது. கடைசியில் இருந்தது மகர ஒற்றின் புள்ளி. நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தமிழாசிரியரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

வாட்ஸாப்பில் பகிரும்போது இன்னொரு கூத்து. முகவரியை நகலெடுத்து ஒட்டினால் தமிழாக வராது. "%E0%AE" என்று ஆரம்பித்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அரைப்பக்கத்துக்கு ஓடும். தமிழ் எழுத்து எல்லாமே அந்தத் தொடக்கத்தில்தான் வருகின்றன, கொஞ்சம்தான் மாறும். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "இது ஏதோ பணம் பிடுங்குகிற லிங்க், யாரும் தொடாதீர்கள்" என்று எச்சரிக்கை போட்டார். நாங்கள் நடத்திய கதை வாசிப்புக் கூட்டத்தின் அழைப்பு அது. ஏழு பேர்தான் வந்தோம். லிங்க்கால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அன்றைக்கு மழையும் இருந்தது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், உடைத்து எழுதுவது இணையத்தின் விதி, வேர்ட்பிரஸ் கண்டுபிடித்த கொடுமை இல்லை. ஆனால் உடைத்ததை அப்படியே 200 இடத்துக்குள் வைக்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அது ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதுவும் திறமூலம்தான், அதுவும் வேர்ட்பிரஸ் போலவே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியதுதான். அங்கே தலைப்புக்கு 255 பைட் வரம்பு, ஆனால் உடைக்காத வடிவில் எண்ணுகிறார்கள். அதனால் 85 குறியீடு வரை போகலாம். பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் மேலே இருக்கும் கொம்பு, புள்ளிகளை வழித்தெடுத்து அழகான முகவரி ஆக்கித் தர வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே தனி ஏற்பாடு இருக்கிறது. நமக்கு இல்லை. எரிச்சல் அங்கேதான்.

"திறமூலம்தானே, நீயே சரிசெய்துகொள்" என்பீர்கள். செய்தேன். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தாக மாற்றும் நாற்பது வரி எழுதி, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பில் சொருகினேன். முகவரி உருவாகும் இடத்தில் நம் கையை நுழைக்க வழி விட்டிருக்கிறார்கள், அந்த விஷயத்தில் மனசு பெரியவர்கள். என் நிரல் ககரத்தை எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வல்லினமாக மாற்றியதில் கங்கை கன்கையானாள். அது பரவாயில்லை, முகவரி சின்னதாக வந்ததே. மூன்று மாதம் நிம்மதி. பிறகு ஒருநாள் தீமுக்கு அப்டேட் வந்தது, அழுத்தினேன், என் நாற்பது வரியும் போயே போச்சு. தீமின் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதே, உன் மாற்றங்களுக்கென்று சைல்டு தீம் என்ற தனித் துணைத் தீம் வைத்துக்கொள் என்று ஊரே சொல்கிறது. நான் கேட்கவில்லை. பிரதியும் எடுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் முகவரியைக் கையாலேயே ஆங்கிலத்தில் அடிக்கிறேன். மறந்துபோகும் நாளில் புள்ளி விழும்.

ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும். வெளியிட்டபின் ஸ்லக்கை மாற்றினாலும் பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, அதில் வருகிறவரைப் புதிய இடத்துக்குத் தானே கூட்டிப்போகிறது. இதற்காக நான் ஒரு பொத்தானும் அழுத்தியதில்லை.

இப்போது சமீபத்திய ரிப்பேர். தளத்துக்குச் சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர்கள் பழைய பிஎச்பி 7.4ஐ நிறுத்திவிட்டு எட்டாம் பதிப்புக்கு மாற்றினார்கள். முன்கூட்டியே மெயில் அனுப்பியிருந்தார்களாம், நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் தளம் முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே ஒரு வரி, தளத்தில் கடும் பிழை என்று. வேர்ட்பிரஸ் 5.2 வந்ததிலிருந்து இந்த மாதிரி நேரத்தில் உள்ளே போக ஒரு மீட்பு லிங்க்கை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடும். அருமையான ஏற்பாடு. எங்கள் தளத்தில் நிர்வாகி மின்னஞ்சல் யாருடையது? 2015ல் செயலாளராக இருந்து, பிறகு மகன் வீட்டோடு போய்விட்ட இன்னொருவருடையது. அவருக்குப் போன் பண்ணினால், "அந்த மெயிலோட பாஸ்வேர்டே மறந்து நாலு வருஷமாச்சு தம்பி" என்கிறார்.

வேறு வழியில்லாமல் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் நுழைந்து, பிளகின்ஸ் என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பிளகின் என்பது கூடுதல் வசதிக்காக வேறு யாராவது எழுதித் தரும் துணை நிரல். ஃபோல்டரைக் காணவில்லை என்றதும் வேர்ட்பிரஸ் எல்லாப் பிளகினையும் அணைத்துவிட்டுத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய வைத்தியம், இன்றைக்கும் கேட்கிறது. பிறகு பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்ததில் ஆள் அகப்பட்டான். புத்தகப் பட்டியலை அட்டவணையாகக் காட்டும் ஒரு பிளகின். எழுதியவர் தொட்டே பல வருஷம் ஆகிறது. உள்ளே கிரியேட்-ஃபங்ஷன் என்று ஒரு கட்டளை. பிஎச்பி 7.2லேயே "இதை விட்டுவிடுங்கள்" என்று எச்சரித்து, 8.0ல் ஒரேயடியாக நீக்கிவிட்ட கட்டளை அது. இரண்டே வரிதான் மாற்றினேன், தளம் உயிரோடு வந்தது. அந்த இரண்டு வரியைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு ராத்திரி.

இதில் வேர்ட்பிரஸ்ஸின் தப்பு எது என்று தேடிப் பார்த்தேன். உண்மையில் அதன் சொந்த நிரல் எட்டாம் பதிப்பில் முனகாமல் ஓடியது. 2015ல் போட்ட முதல் பதிவு இன்றைக்கும் அதே முகவரியில் திறக்கிறது. இடையில் இரண்டு தடவை ஹோஸ்டிங் மாற்றினேன், ஒரு கால்புள்ளிகூடச் சிந்தவில்லை. ஆனால் பிளகின் இல்லாத வேர்ட்பிரஸ் உப்பில்லாத குழம்பு. பிளகின் போட்டாலோ, முகம் தெரியாத ஒருவருடைய ஆர்வம் எத்தனை வருஷம் நீடிக்கிறதோ அதுவரைக்கும்தான் நம் தளத்துக்கும் ஆயுசு.

எடிட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் 5.0 வந்து குட்டன்பர்க் என்ற கட்டம் கட்டமான எழுதுகளத்தை இறக்கியபோது, எல்லோரையும் போல நானும் திட்டிவிட்டு, பழைய எழுதுகளத்தைத் திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொண்டேன். 2021 கடைசிவரைதான் ஆதரவு என்று அப்போது சொன்னார்கள். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் பத்து வருஷம்? புள்ளி கேட்ட அதே செயலாளர்தான் காரணம். எழுபதைத் தாண்டியவர். அவருக்கு ஒரு கணக்குத் திறந்து, ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து தானே எழுதித் தானே வெளியிடுகிறார், படமும் போடுகிறார். என்னைக் கூப்பிடுவதே இல்லை. ஒரே ஒரு தடவை பதறிக்கொண்டு கூப்பிட்டார். குறுந்தொகை பற்றி நாலு நாளாக எழுதிய கட்டுரையில் பாதியைக் கைதவறி அழித்து, அப்படியே சேமித்தும்விட்டார். திருத்த வரலாறு பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மேலே ஒரு நகர்த்தி, அதை இடப்பக்கம் இழுக்க இழுக்க, அழிந்த பத்திகள் சிவப்பிலும் சேர்ந்தவை பச்சையிலும் தெரிந்தன. முந்தின நாள் இரவு எழுதிய வடிவத்தில் நிறுத்தி, மீட்டெடு என்பதை அழுத்தினார். போனில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதி அழித்தேன் தம்பி, அப்போது இது இல்லாமல் போயிற்றே" என்றார். அன்றைக்கு அந்தப் புள்ளியை நான் மன்னித்தேன். அடுத்த தடவை விழும்வரை.

நேற்று நண்பனைத் திருப்பி அழைத்தேன். "டேய், உன் தங்கச்சிக்கு வேண்டியது நாலு பக்கம். முகவரி, நேரம், கட்டணம், போன் நம்பர். அதுக்கு இவ்வளவு பெரிய யானையைக் கட்டித் தீனி போட வேண்டாம். சாதாரண எச்டிஎம்எல் பக்கமே போதும், நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

"அப்போ நீ மாத்திடப் போறியா?"

"நான் எதுக்கு மாத்தணும்?"

கொஞ்சம் யோசித்தான். பிறகுதான் சொன்னான், ஹோஸ்டிங் ஏற்கெனவே வாங்கியாயிற்றாம், சலுகை விலையில் மூன்று வருஷத்துக்கு. வாங்கினவுடனே வேர்ட்பிரஸ் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டதாம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். போகத்தான் போகிறேன். நிர்வாகி மின்னஞ்சலுக்கு மட்டும் தங்கையின் முகவரியைத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். இவன் மெயில் பார்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.