ஜம்ப் ஸ்டார்ட்டா, சார்ஜரா?

ராத்திரி சாஃப்ட்வேர் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, காலையில் ரிமோட்டை அழுத்தினால் கார் செத்துக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போகாமல் விடிய விடிய 12 வோல்ட் பேட்டரியைக் குடித்திருக்கும். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதனால் அங்கேயும் இதே கதை நடக்கலாம். எழுப்ப வழி இரண்டு: இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உடனே கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட், இல்லையென்றால் பிளக்கில் மாட்டி பேட்டரியை ஏற்றும் சார்ஜர்.

நேரம்
ஜம்ப்: சில நிமிடம்.
சார்ஜர்: 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜர் 9, 10 மணி நேரம் எடுக்கும்.

சிரமம்
ஜம்ப்: இன்னொரு காரோ பூஸ்டரோ (கையில் எடுத்துப் போகும் ஸ்டார்ட்டர் பேட்டரி) வேண்டும். கறுப்பு கேபிளின் கடைசி முனையைச் செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டாமல் எஞ்சினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள், பேட்டரி பக்கத்தில் பொறி பறந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளலாம். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் அப்டேட் பிரச்சினையே சின்னதாகத் தெரியும்!
சார்ஜர்: பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் போதும்.

பேட்டரி ஆயுள்
ஜம்ப்: வண்டி கிளம்பும், ஆனால் பத்து நிமிட ஓட்டத்தில் பேட்டரி நிறையாது. அரைகுறையாகவே கிடந்தால் உள்ளே சல்பேட் படியும்.
சார்ஜர்: மெதுவாக, முழுசாக ஏற்றும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும்.

அவசரமாகக் கிளம்பியே ஆக வேண்டுமா, சரி, ஜம்ப். அப்டேட்டை மறுபடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் சார்ஜர்தான், வோல்டேஜ் தடுமாறினால் அது திரும்பவும் பாதியில் நிற்கும்.