சேலம் ஜிஹெச் பிரசவ வார்டு, என் அனுபவம்

ஏற்காட்டுல இருந்து வலியோட 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தவ நான், 108ல கூட வந்த தம்பி வழி பூரா பேச்சு குடுத்துட்டே வந்தாரு, மொத நன்றி அவருக்குத்தான். மாசாமாசம் காட்டிட்டு இருந்த தனியார் ஆஸ்பத்திரில காரணமே சொல்லாம ஆபரேஷனுக்கு நாள் குறிக்க சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல, அதான் ஜிஹெச் வந்தோம்.

லேபர் வார்டுல அம்மாவ கூடவே இருக்க விட்டாங்க. நைட் டியூட்டி சிஸ்டர் ஒருத்தங்க இடுப்ப அமுக்கி விட்டுட்டே "கண்ணு, வாய மூடி முக்கு சாமி, கத்துனா தெம்பு போயிரும்"னு சொன்னது இன்னும் காதுல கேக்குது. சுகப்பிரசவம், பொண்ணு!! தொடச்ச உடனே நெஞ்சு மேல போட்டு சீம்பால் குடுக்க வச்சாங்க. சக்கரத்தண்ணி தொட்டு வைக்கறேன்னு வந்த அம்மாயிய சிஸ்டர் விடவே இல்ல, அதுவும் சரிதான், ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும்.

தனி ரூம், ஏசி எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா பிரசவத்துக்கு காசு கட்ட வேண்டியதில்ல.

கர்ப்பம்னு தெரிஞ்சதுமே விஹெச்என் சிஸ்டர்கிட்ட (கிராம சுகாதார செவிலியர்) பதிஞ்சு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்த பதிஞ்சதுக்கு தர்ற நம்பர், வாங்கிருங்க, பிறப்பு சான்றிதழுக்கும் அது வேணும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி திட்டத்துல பணமும் ஊட்டச்சத்து பெட்டகமுமா சேத்து வர்ற 18,000 ரூபாய்க்கும் வேணும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போக 102 தாய் சேய் வண்டி இலவசம், வார்டுலயே முன்கூட்டி சொல்லி வைங்க.