காதைக் காத்த கவசம், கண்ணை மறைத்த கவசம்

ரக்பியில் இரு அணிகளும் வரிசை வரிசையாகப் பிணைந்து, எதிரெதிரே முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் இரண்டாம் வரிசைக்காரன் நான். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கரின் இடுப்புக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் ப்ராப்பின் இடுப்புக்கும் நடுவே தலையை நுழைத்துத் தள்ளுவதுதான் பிழைப்பு. முதலில் பழுதாவது காது. இடது காது அடிபட்டு வீங்கி, ஏற்கெனவே காலிஃபிளவர் போல ஆகிவிட்டது. வலதையாவது காப்பாற்றலாம் என்றுதான் தலையில் மாட்டும் இந்த நுரை மென்கவசத்தை வாங்கினேன்.

ஒரு சீசன் முழுக்கப் போட்டாயிற்று. காதுமடல் வீங்கவில்லை, புருவத்தில் தையலும் விழவில்லை. ஆனால் இதன் நுரை 1 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் விதி. இவ்வளவு மெல்லிய நுரை மூளை அதிர்ச்சியையும் தடுத்துவிடும் என்று நம்பி யாரும் தலையைக் கொடுக்க வேண்டாம்.

குறை தாடைப் பட்டையில் இருக்கிறது. வியர்வை ஊறியதும் வெல்க்ரோ பிடியை விட்டுவிடுகிறது. ஒருமுறை லைன்அவுட்டில், அதாவது பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்தைப் பிடிக்க, சக வீரர்கள் என்னைத் தூக்கிய நேரம் பார்த்துக் கவசம் சரிந்து கண்ணை மறைத்தது. பந்து எதிரணிக்கு, வசவு எனக்கு. காதுத் துளைகளும் சிறியவை. இரைச்சலில் ஹூக்கர் கத்தும் குறிச்சொல் பாதிதான் கேட்கிறது. துவைத்தாலும் போகாத நாற்றத்தைப் பற்றி வீட்டில் உள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த சீசனுக்கும் இதையேதான் வாங்கியிருக்கிறேன். பட்டையை மட்டும் பிரித்துவிட்டு, நாடா வைத்துத் தைத்துக்கொண்டேன்.