"10 வருட வாரண்டி" என்று வீடு விற்கிறார்கள், எழுத்தில் கேளுங்கள்

காட்பாடி பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

11 சென்ட் இடத்தில் நான்கு தனி வீடுகள் கட்டி விற்றார்கள். அதில் ஒன்றை நாங்கள் வாங்கினோம். வாசல் பேனரில் "10 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "ஒரு சின்ன விரிசல் விட்டாலும் நான் வந்து நிப்பேன் சார்" என்றார் பில்டர். அப்பாவின் ஓய்வூதியப் பணமும் மனைவியின் நகையும் அந்த வீட்டில்தான் போனது.

சித்திரையில் குடிபோனோம். வேலூர் வெயிலில் மொட்டை மாடியின் லட்சணம் எப்படித் தெரியும்? ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், படுக்கையறையில் ஃபேன் கொக்கியைச் சுற்றி பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். பொத்துக்கொண்டு தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கரண்ட் அடித்துவிடுமோ என்று மெயினை அணைத்துவிட்டு, குழந்தைகளோடு கூடத்தில் படுத்தோம். விடிந்ததும் மாடிக்குப் போனால், தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் நடுவில் குளமாக நிற்கிறது. வாட்டமே கொடுக்கவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டோடுகளைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'டொக் டொக்' என்றது, அடியில் கலவை பிடிக்கவே இல்லை.

பில்டரைக் கூப்பிட்டால், "வாரண்டி பில்டிங்குக்குத்தான் சார், ஒழுகலுக்கு இல்ல. அதுக்கு வாட்டர்ப்ரூஃப் கம்பெனி வாரண்டி இருக்கு" என்கிறார். கம்பெனியில் விசாரித்தால், அவர்கள் பொறுப்பு கசிவைத் தடுக்க அடிக்கும் மருந்துக்கு மட்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த ஆள் அடித்திருந்து, பில்லும் இருந்தால்தான். அந்த பில்லை பில்டர் இன்றுவரை காட்டவில்லை. நாளைக்கு ஆள் அனுப்புறேன், மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கார் என்று எட்டு மாதம் ஃபோனிலேயே ஓடிவிட்டது.

அப்புறம்தான் வக்கீலிடம் போனோம். கிரையப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம் இரண்டையும் புரட்டினார். வாரண்டி என்ற சொல் எதிலுமே இல்லை. பேனரையாவது படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை.

ரேரா எனப்படும் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு வாங்குபவருக்குப் பெரிய பலம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும். பேனரில் எழுதாவிட்டாலும் இது உண்டு. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு, மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் 11 சென்ட் அப்படித்தான் தப்பியது. அதனால் ரேரா பதிவு எண் இருக்கிறதா என்பதை முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால், எது எதற்கு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வருடம், யார் செலவில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தனியாக ஒரு அட்டை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறை தெரிந்தால் ஃபோனில் சொல்லி நிறுத்தாமல், பட்டுவாடா செய்த சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த எட்டு மாதத்தில் நான் சொன்னதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இப்போது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே குறை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், நல்லவேளையாக அது தாண்டவில்லை.

எங்கள் வரிசையில் நாலாவது வீடு இன்னும் விற்கவில்லை, அதே பேனர் அங்கே தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் மாடிப்படி ஏறி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், படுக்கையறைக் கூரையைக் காட்டுகிறேன்.