செப்புத்தகட்டுக் கோடுகளும் பழையபேட்டை பிரேம் கடையும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாமி படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் பிரேம் போட்டுத் தரும் சிறிய கடை ஒன்றில், பதினேழாம் நூற்றாண்டின் செப்புத்தகட்டு ஓவியங்கள் இரண்டை அச்சிட்டுச் சட்டமிடக் கொடுத்திருந்தேன். நூலகங்கள் இலவசமாக வழங்கும் பெரிய அளவுக் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன்.

முதலாவது, 1613இல் ஆண்ட்வெர்ப் நகரின் பிளாண்டின் அச்சகம் வெளியிட்ட, அகிலோனியுஸ் என்ற பாதிரியாரின் ஒளியியல் நூலுக்கு ஓவியர் ரூபன்ஸ் வரைந்த முகப்புப் பக்கம். பரோக் எனப்படும் ஆடம்பர ஐரோப்பியக் கலைப்பாணிக் காலத்து முகப்புப் பக்கங்கள் பல கட்டட வாயில் போலவே அமைந்தவை. நடுவே தலைப்பு கல்வெட்டுப் போல நிற்க, இருபுறமும் நம் கோபுர வாசலின் துவாரபாலகர்களைப் போல உருவங்கள் நிற்கும். இதில் ஒளியியலே ஒரு பெண்ணாகி, கண் பதித்த செங்கோலுடன் உச்சியில் வீற்றிருக்கிறாள். அருகில் தோகையெல்லாம் கண்களான மயில். ஒரு வரிகூடப் படிக்குமுன் நூலின் பொருள் விளங்கிவிடுகிறது.

இவ்வகை ஓவியத்தில் நிழல் என்பது சாம்பல் பூச்சு அன்று; உளியால் தகட்டில் கீறி, மை நிரப்பி, ஈரத்தாளில் உருளையால் அழுத்தி எடுத்த நுண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக நெருங்குவதே நிழலாகிறது. கடைக்காரர் முதலில் ஏ4 அளவில் பளபளப்பு லேமினேஷனுடன் தந்த பிரிண்டில் அக்கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து, மூலத்தில் இல்லாத அலைகள் தெரிந்தன. குறையைக் காட்டியதும் மறுபேச்சின்றி மேட் தாளில் ஏ3 அளவில் மீண்டும் அச்சிட்டார்; கூடுதல் பணமும் கேட்கவில்லை. இப்போது மயிலின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே தெரிகிறது.

இரண்டாவது, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான டச்சுப் பாதிரியார் பால்டேயுஸின் மலபார், சோழமண்டலம் பற்றிய நூலிலுள்ள நாகப்பட்டினக் காட்சி. அச்சு முதல்முறையே தெளிவாக வந்தது. ஆனால் பிரேமுக்குள் பொருந்த வேண்டுமென்று ஓரத்தை வெட்டியதில், தகடு அழுந்திய தடத்தின் சாயல் நான்கு பக்கமும் போய்விட்டது. செப்புத்தகட்டு அச்சுக்கு அத்தடமே அடையாளம் என்பதால் இந்த இழப்பு எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

மரச்சட்டத்தின் மூலை இணைப்புகளில் குறையில்லை. இங்கே கொடுப்பவர்கள் மேட் தாள் வேண்டுமென்றும், ஓரத்தை வெட்டாமல் படத்தைச் சுற்றி மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டை வைக்க வேண்டுமென்றும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்து, ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் வரைந்த நம் இராயக்கோட்டைக் காட்சியை அப்படி எழுதித்தான் கொடுத்திருக்கிறேன்.