இலைப்புள்ளிக்கு வேப்பெண்ணெயா, காப்பர் மருந்தா?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மொட்டை மாடியில் சக்குலன்ட் (தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைக்கும் செடி) வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி மழை பிடித்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். மருந்து கலக்கும் முன் புள்ளியைப் பாருங்கள். வெயில் படும் பக்கம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து, பரவாமல் நின்றால் அது வெயில் சுட்ட தழும்பு. தொட்டியை நிழலுக்கு நகர்த்தினால் போதும், செலவே இல்லை. கருப்பாகக் குழிந்து, மஞ்சள் வளையத்தோடு நாளுக்கு நாள் பெரிதானால் பூஞ்சை என்று சந்தேகப்படலாம்.

வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். மாவுப்பூச்சிக்கு நல்ல மருந்து. முற்றிய பூஞ்சைக்கு அவ்வளவு தெம்பு போதாது. தவிர, எச்சிவேரியா என்ற சக்குலன்ட் வகையின் இலைமேல் திருநீறு பூசினாற்போல் இருக்குமே, அந்த மெழுகுப் பூச்சை எண்ணெய் கெடுத்துவிடும். அடித்த கையோடு வெயிலில் வைத்தால் இலையும் வெந்துபோகும்.

பூஞ்சைதான் என்றால் என் ஓட்டு காப்பர் ஆக்ஸிகுளோரைடுக்கு. 50 சதவீதத் தூள், லிட்டருக்கு 2.5 கிராம். வந்த புள்ளியை இது அழிக்காது, அடுத்த இலைக்குப் பரவாமல் தடுக்கும், அவ்வளவே. அதனால் கெட்ட இலையை முதலில் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு சாயங்காலமாக அடியுங்கள். இலையில் நீலப்பச்சைக் கறை படியும், பரவாயில்லை.

எதை அடித்தாலும் சரி, கடற்காற்றின் ஈரத்தில் தொட்டி மண் லேசில் காயாது. விரல்விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் இலையில் படாமல்.