போக்குவரத்து அபராதச் செலானைப் பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம் என்று 2,600 ரூபாயை வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

இன்று மதியம்தான் உறுதியாகத் தெரிந்தது. இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் கையோடு எழுதுகிறேன்.

எங்கள் ஸ்கூட்டர் மேல் மூன்று இ-செலான் இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்தது தெரியாமல் ஓட்டியதற்கு 2,000. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஹெல்மெட் போடாததற்கு 1,000. இரண்டும் என் தப்புதான், மறுக்கவில்லை. மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். சென்னை அண்ணா சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக 1,000. திருநெல்வேலியைத் தாண்டி அந்த ஸ்கூட்டர் போனதே இல்லை. செலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு கறுப்பு பைக்! நம்பரின் கடைசி இலக்கம் 3. என்னுடையது 8.

இதை எப்படி மறுப்பது என்று போனில் தேடியபோதுதான் அந்தத் தளம் வந்தது. செலான்களைப் பாதித் தொகையில் முடித்துத் தருவதாகச் சொல்லும் தனியார் சேவை. வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் வக்கீல் என்று ஒருவர் பேசினார். மூன்று செலானையும் தேதி, நேரம், இடம் உட்பட ஒப்பித்தார். அங்கேதான் விழுந்தேன். கோர்ட்டோடு தொடர்பு இல்லாதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நான் கொடுத்த நம்பரை வைத்து அரசுத் தளத்தில் யார் தேடினாலும் அது வரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

"லோக் அதாலத் வருது சார், 4,000-ஐ 2,000-ல முடிச்சிடலாம், எங்க ஃபீஸ் 600" என்றார். லோக் அதாலத் என்றால் வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம். "அந்த பைக் என்னோடது இல்லைங்க" என்றேன். "அதுக்குத் தனியா கேஸ் நடத்தணும்னா சென்னைக்கு அலையணும் சார், சேர்த்தே முடிச்சிடுவோம்" என்றார். அலைச்சலுக்குப் பயந்து, செய்யாத தப்புக்கும் சேர்த்து 2,600 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் 'செட்டில்டு' என்று முத்திரை போட்ட ரசீது வந்தது.

இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பிக்கு வண்டியை விற்று, பெயர் மாற்றத்துக்குப் போனால் செலான் பாக்கி என்று நிற்கிறது. மூன்றும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கே கூப்பிட்டேன். "கோர்ட் லீவு சார்." மறுநாள், "சர்வர்ல அப்டேட் ஆக 45 நாள் ஆகும்." இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்றால் லைனை ஹோல்டில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறொரு பெண் எடுத்து, "உங்க கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சு சார், செட்டில்டுன்னா நாங்க மனு போட்டுட்டோம்னுதான் அர்த்தம்" என்கிறார். மனு போட்டதற்கா 2,600 ரூபாய்? மனு நகலைக் கேட்டேன், அதோடு சரி. இன்று மதியம் எங்கள் தெரு வக்கீல் அண்ணாச்சியிடம் ரசீதைக் காட்டினேன். இதில் கோர்ட் பெயரும் இல்லை, வழக்கு எண்ணும் இல்லை, இது வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டார். தம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான், அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

எப்படி மறுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தவறான செலானுக்கு அரசின் பரிவாகன் இ-செலான் தளத்திலேயே புகார் போடலாம், காசு கிடையாது. செலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு, போயிருந்தால் அங்கே அபராதம் கட்டவும் வழி இருக்கிறது, வழக்கை எதிர்க்கவும் வழி இருக்கிறது. எதிர்த்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாற்றுவார்கள். கேமரா செலான் என்றால் மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் இருக்க வேண்டும், அந்தப் படத்தை முதலில் பாருங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் (gov.in) என்று முடியாத எந்தத் தளத்திலும் செலான் பணம் கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் செலான் என்று ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் 3,000 ரூபாயை அரசுத் தளத்திலேயே கட்டிவிட்டேன். கறுப்பு பைக் செலானுக்கு ஆர்.சி.யையும் ஸ்கூட்டர் படத்தையும் வைத்துப் புகார் போட்டிருக்கிறேன். போன 2,600-க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. பணம் போனதும் கூப்பிட்டிருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நான் இரண்டு மாதம் அந்த ரசீதை நம்பி உட்கார்ந்திருந்தேன்.